எழுந்து நின்றால் நெஞ்சு படபடக்கிறதா? காரணம் தெரியும்வரை செய்ய வேண்டியவை

படுத்திருந்தால் ஒன்றும் இல்லை. உட்கார்ந்தால்கூடச் சமாளித்துவிடலாம். எழுந்து நின்று நாலு தோசை வார்ப்பதற்குள் நெஞ்சு அடித்துக்கொள்கிறது, தலை கிறுகிறுக்கிறது, கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது. டாக்டரிடம் போனால் படுக்க வைத்து ஈசிஜி எடுத்துவிட்டு, "எல்லாம் நார்மல், டென்ஷனைக் குறைங்க" என்று அனுப்பிவிடுகிறார். அப்படித் திரும்பி வந்தவர்களுக்காக எழுதுகிறேன்.

எனக்கு இது டெங்குக் காய்ச்சல் வந்து போன பிறகு தொடங்கியது. என்ன நோய் என்று தெரியவே நெடுநாள் ஆனது. நிற்கும்போது வரும் தொல்லையை எல்லோரும் என்னைப் படுக்க வைத்தே தேடிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் வேலையை முடித்தது வீட்டிலேயே எழுதிய ஒரு தாள். அந்தத் தாளை எப்படி எழுதுவது, யாரிடம் கொண்டு போவது, எதற்கு எவ்வளவு செலவாகும் என்பதுதான் கீழே இருப்பது. நான் டாக்டர் இல்லை. தமிழ்நாட்டில் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். ரூபாய்க் கணக்கு எல்லாம் தோராயம்தான், ஊருக்கு ஊர், லேபுக்கு லேப் மாறும்.

எனக்கு வந்ததன் பெயர் போஸ்ச்சுரல் ஆர்த்தோஸ்டேடிக் டாக்கிகார்டியா சிண்ட்ரோம். சுருக்கமாக பாட்ஸ். நாம் எழுந்து நின்றதும் ரத்தம் கால் பக்கமும் வயிற்றுப் பக்கமும் இறங்கும். நரம்புகள் உடனே ரத்தக் குழாய்களைச் சுருக்கி அதை மேலே தள்ள வேண்டும். அது சரியாக நடக்காவிட்டால் இதயம் வேகமாக அடித்து ஈடுகட்டப் பார்க்கும். கீழ்த் தொட்டியில் தண்ணீர் குறைந்துபோனால் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்குமே, அந்தக் கதைதான். மோட்டாரை மட்டும் கழற்றிப் பார்த்தால் பழுது தெரியாது.

நின்றால் படபடப்பு வருகிற எல்லோருக்கும் பாட்ஸ் என்று அர்த்தமில்லை. ரத்தசோகை, தைராய்டு, உடம்பில் நீர் வற்றுவது, சில மாத்திரைகள், இதயத் துடிப்பின் மின்கோளாறு என்று பல காரணங்கள் உண்டு. அவற்றையெல்லாம் தள்ளிவிட்டுத்தான் இந்தப் பெயருக்கு வர முடியும்.

1. காத்திருக்கக் கூடாதவர்கள் யார்?

கீழே சொல்வதில் ஒன்று இருந்தாலும் வீட்டுச் சோதனை, தாள் எதுவும் வேண்டாம். உடனே மருத்துவமனை போங்கள், தேவைப்பட்டால் 108.

நெஞ்சு வலி. ஓடும்போதோ மாடி ஏறும்போதோ மயங்கி விழுவது. படுத்திருக்கும்போதே மயக்கம். திடீரென்று மூச்சு வாங்குவது, அதிலும் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் (கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போயிருக்கலாம்). கறுப்பாக மலம் போவது, அல்லது மாதவிடாயில் அளவுக்கு மீறிய ரத்தப்போக்கு. குடும்பத்தில் யாராவது இளம் வயதில் திடீரென்று இறந்திருப்பது.

இன்னொரு வகையும் உண்டு. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே ஸ்விட்ச் போட்டதுபோல் துடிப்பு 150, 180 என்று ஏறி, அதேபோல் சட்டென்று நின்றுவிடும். அது பாட்ஸின் குணம் இல்லை, பெரும்பாலும் மின்கோளாறு. அது வரும் நேரத்திலேயே பக்கத்துக் கிளினிக்குக்கு ஓடிப்போய் ஒரு ஈசிஜி எடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கர்ப்பமாக இருக்க வாய்ப்பு இருந்தால் முதலில் அதைப் பார்த்துவிடுங்கள்.

2. வீட்டில் நின்று பார்க்கும் சோதனை

தேவை: மேல்கையில் கட்டும் பிபி மெஷின் ஒன்று. 1,500 முதல் 3,000 ரூபாய்க்குள் நல்லதே கிடைக்கும். மணிக்கட்டில் கட்டும் மெஷின் வேண்டாம். ஸ்மார்ட் வாட்ச் இருந்தால் நல்லதுதான், நாள் முழுக்கப் போக்கு எப்படி என்று காட்டும். ஆனால் அது பெரும்பாலும் பிபி காட்டாது, வாட்ச் கணக்கை நம்பாத டாக்டர்களும் நிறையப் பேர்.

காலையில் செய்யுங்கள். பாட்ஸ் இருந்தால் காலையில்தான் அதிகம் தெரியும். காபி, டீ, சாப்பாடு எல்லாம் அப்புறம். கூட ஒருவர் இருக்கட்டும், பின்னால் ஒரு நாற்காலியும் இருக்கட்டும்.

முதலில் பாத்ரூம் போய்விட்டு வந்து 10 நிமிடம் அசையாமல் மல்லாந்து படுங்கள். பட்டையைக் கையில் கட்டியபடியே இருக்கட்டும். படுத்த நிலையிலேயே இரண்டு முறை பிபியும் நாடியும் எடுத்து எழுதுங்கள்.

பிறகு எழுந்து நின்று, குதிகால் சுவரிலிருந்து அரையடி தள்ளி இருக்கும்படி, தோள் மட்டும் சுவரில் படுமாறு லேசாகச் சாயுங்கள். பேச வேண்டாம். காலை மாற்றி மாற்றி வைக்க வேண்டாம், கால் சதை அசைந்தாலே ரத்தம் மேலே ஏறி எண் குறைந்துவிடும். 1, 3, 5, 7, 10 ஆகிய நிமிடங்களில் எடுங்கள். எடுக்கும்போது பட்டை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும், கூட இருப்பவர் முழங்கையைத் தாங்கிப் பிடிக்கட்டும். கை தொங்கினால் பிபி கூடுதலாகக் காட்டும். மெஷின் 'எரர்' காட்டினால் மணிக்கட்டில் விரல் வைத்து 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள்.

விழப்போவதுபோல் இருந்தால் உடனே உட்காருங்கள். எத்தனையாவது நிமிடத்தில் உட்கார்ந்தீர்கள் என்பதும் முக்கியமான தகவல்தான்.

எண்ணை எப்படிப் பார்ப்பது? நின்ற 10 நிமிடத்துக்குள் நாடி, படுத்திருந்தபோது இருந்ததைவிட 30 அல்லது அதற்கு மேல் ஏறி, இறங்காமல் நிற்க வேண்டும். 12 முதல் 19 வயது வரை என்றால் இந்த அளவு 40. கூடவே பிபி பெரிதாக இறங்கியிருக்கக் கூடாது. நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் அது வேறு பிரச்சினை, அதற்கான தேடலும் வேறு. எழுந்த முதல் அரை நிமிடத்தில் நாடி துள்ளிவிட்டு அடங்குவது எல்லோருக்கும் நடக்கும், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். தொல்லை மூன்று மாதமாவது தொடர்ந்திருக்க வேண்டும் என்பதும் டாக்டர்கள் பார்க்கும் அளவுகோல். அதனால் எப்போது தொடங்கியது என்று இப்போதே யோசித்து எழுதி வையுங்கள்.

ஒரே நாளில் முடிவு கட்டாதீர்கள். மூன்று வெவ்வேறு காலைகளில் எடுங்கள். ஒரு நாள் 24 ஏறும், அடுத்த நாள் 41 ஏறும், இது அப்படிப்பட்டதுதான்.

நிற்கும்போது ஒன்றும் ஆகவில்லை, நடந்தால் அல்லது மாடி ஏறினால் மட்டும் படபடப்பும் மூச்சு வாங்கலும் என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள். அது ரத்தசோகை, இதயம், நுரையீரல் பக்கம் கைகாட்டுகிறது. நெடுநாள் படுக்கையில் இருந்து எழுந்தவர்களுக்கும் அப்படி வரும்.

நின்றபடியே பாதத்தையும் ஒருமுறை குனிந்து பாருங்கள், அல்லது கூட இருப்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள். சிலருக்கு நின்ற சில நிமிடங்களில் பாதம் கருஞ்சிவப்பாக மாறும். நம் நிறத்துக்கு மேல்தோலில் சட்டென்று தெரியாது. கால்விரல் நகத்தடியிலும் உள்ளங்காலின் ஓரத்திலும் தெரியும். படுத்திருக்கும்போது ஒரு படம், நின்ற 10-ஆவது நிமிடத்தில் ஒரு படம், இரண்டும் ஒரே வெளிச்சத்தில். டாக்டரிடம் காட்ட இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

3. ஒரே ஒரு தாள்

டாக்டர் நமக்குத் தருவது ஐந்து நிமிடம். அதில் முழுக் கதையையும் சொல்ல முடியாது. ஆகவே ஏ4 தாளில் ஒரு பக்கம் மட்டும்.

மேலே வயது, எடை, தொடங்கிய மாதம், அதற்கு முன்னால் வந்த காய்ச்சல், அறுவை சிகிச்சை, பிரசவம் ஏதாவது. அடுத்து மூன்று நாள் எண்கள். மாதிரிக்கு ஒரு நாள் இப்படி இருக்கும்:

படுத்து 10 நிமிடம்: நாடி 72, பிபி 112/70
நின்று 1 நிமிடம்: 98, 114/76
3 நிமிடம்: 106, 112/78
5 நிமிடம்: 111, 114/78
10 நிமிடம்: 118, 110/78. தலை கிறுகிறுப்பு, கை நடுக்கம்.

அதற்குக் கீழே சாப்பிடும் மாத்திரைகள் எல்லாம். எல்லாம் என்றால் எல்லாமும்: சளி மாத்திரை, வீசிங்குக்கு உறிஞ்சும் இன்ஹேலர், தைராய்டு மாத்திரை, தூக்கத்துக்கோ நரம்பு வலிக்கோ தந்தது, நீர் பிரியத் தந்தது, எடை குறைக்கும் பவுடர், எனர்ஜி டிரிங்க். இவற்றில் பல தாமாகவே நாடியை ஏற்றக்கூடியவை. கடைசியில் இப்போது என்னென்ன செய்ய முடியவில்லை என்று இரண்டு வரி. "குளித்துவிட்டு வந்தால் அரை மணி நேரம் படுக்க வேண்டும்" என்பது போல. "ரொம்பக் கஷ்டமா இருக்கு டாக்டர்" என்பதைவிட இந்த ஒரு வரி வேலை செய்யும்.

'பாட்ஸ்' என்று நீங்களே தாளில் தலைப்புப் போட வேண்டாம் என்பது என் யோசனை. கூகுளில் பார்த்துவிட்டு வந்தவர் என்ற முத்திரை விழுந்தால் மீதியை யாரும் படிப்பதில்லை. எண்கள் பேசட்டும். என் தாளை வாங்கிய பொது மருத்துவர் ஒரு நிமிடம் பேசாமல் படித்தார், "எழுந்து நில்லுங்க" என்றார், தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதுவரை நான் பார்த்த யாரும் நிற்க வைத்து நாடி பார்த்ததில்லை.

4. முதலில் பொது மருத்துவர், கூடவே ரத்தப் பரிசோதனை

நேராக இதய நிபுணரிடம் ஓட வேண்டாம். எம்.டி. பொது மருத்துவம் படித்தவர் போதும். அரசு மருத்துவமனை என்றால் காலையிலேயே போய் ஓபி (புறநோயாளி) சீட்டு போட்டு 'பொது மருத்துவம்' என்று கேளுங்கள். ஆதார், பழைய ரிப்போர்ட் ஃபைல், அந்தத் தாள், இவை கையில் இருக்கட்டும். வரிசையில் நிற்க முடியாதவர்கள் நிற்க வேண்டாம், கூட வருபவர் நிற்கட்டும். நம் தொல்லையே அதுதானே.

கேட்க வேண்டிய ரத்தப் பரிசோதனைகள்: முழு ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின் (சேமித்த இரும்பு), டிஎஸ்எச் (தைராய்டு), சர்க்கரை, சோடியம் பொட்டாசியம், கிரியாட்டினின் (சிறுநீரகம்), பி12. எடை குறைந்து, தோல் கறுத்து, பிபியும் இறங்கியிருந்தால் காலை நேர கார்ட்டிசால் ஹார்மோனையும் டாக்டர் சேர்க்கக்கூடும். தனியார் லேபில் எல்லாமாக 2,000 முதல் 4,000 ரூபாய் வரை ஆகலாம். அரசு மருத்துவமனையில் பெரும்பாலும் இலவசம், சிலவற்றை மட்டும் வெளியே எடுக்கச் சொல்வார்கள்.

இங்கே இரண்டு பொறிகள். ஒன்று, 'மாஸ்டர் ஹெல்த் செக்கப்'. பல ஆயிரம் கொடுத்து நாற்பது அறுபது பரிசோதனை செய்வார்கள். ஃபெரிட்டின் பல பேக்கேஜில் இருக்காது, நிற்க வைத்து பிபி எடுப்பது எந்த பேக்கேஜிலும் நான் பார்த்ததில்லை. வேண்டியதை மட்டும் சீட்டில் எழுதி வாங்கித் தனித்தனியாக எடுப்பது மலிவு.

இரண்டாவது, ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். ஹீமோகுளோபின் 12 இருக்கிறது, சரிதான் என்று விட்டுவிடுவார்கள். உடம்பில் சேமித்த இரும்பு காலியாகியிருந்தாலும் ஹீமோகுளோபின் கொஞ்ச நாள் நன்றாகவே காட்டும், அதைக் காட்டிக்கொடுப்பது ஃபெரிட்டின்தான். குறைவாக இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். சிலருக்கு அதோடு கதை முடிந்துவிடும். அதைவிட நல்ல முடிவு வேறில்லை.

5. இதயப் பரிசோதனைகள்

ஈசிஜி: தனியாரில் 200 முதல் 500 ரூபாய். எக்கோ (இதய ஸ்கேன்): 1,500 முதல் 3,000. இதயத்தின் அமைப்பில் குறை இல்லை என்று உறுதிசெய்ய இவை வேண்டும். இரண்டும் படுத்து எடுப்பவை, ஆகவே 'நார்மல்' என்று வந்தால் மனம் உடைய வேண்டாம். பாட்ஸ் உள்ளவர்களுக்கு அப்படித்தான் வரும்.

ஹோல்டர்: துடிப்பைப் பதிவு செய்ய 24 மணி நேரம் நெஞ்சில் ஒட்டி வைக்கும் கருவி. 2,000 முதல் 4,000 வரை. அரசு மருத்துவமனையில் தேதி கொடுப்பார்கள், காத்திருக்க வேண்டும். ஒட்டிக்கொண்டு வந்த அன்று லீவு போட்டுப் படுத்துவிடுவது நம் ஆட்கள் எல்லோரும் செய்வது. அப்படிச் செய்தால் காசு வீண். வழக்கம்போல் சமையுங்கள், கடைக்குப் போங்கள், பஸ் ஏறுங்கள். குளிக்க முடியாது, அதனால் ஒட்டுவதற்கு முன்பே குளித்துவிடுங்கள். "7.10 எழுந்தேன், 7.40 சமையல், 8.05 படபடப்பு" என்று நேரம் போட்டு ஒரு குறிப்பும் எழுதுங்கள். அது இல்லாமல் ரிப்போர்ட்டைப் பார்ப்பவருக்கு அந்த நேரத்தில் நீங்கள் நின்றீர்களா ஓடினீர்களா என்று தெரியாது.

ஓய்விலேயே நாடி 100-க்கு மேல், 24 மணி நேர சராசரி 90-க்கு மேல் என்று வந்தால் டாக்டர் வேறொரு நோயையும் யோசிப்பார். அதனால் ரிப்போர்ட்டில் சராசரித் துடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

எந்தப் பரிசோதனைக்கும் ஒரிஜினலைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். ஜெராக்ஸ் கொடுங்கள், போனில் படம் எடுத்து வையுங்கள். ஒவ்வொரு மருத்துவமனையிலும் "எங்க லேப்ல எடுத்தாதான் சரி" என்று முதலிலிருந்து தொடங்குவார்கள். எக்கோ மூன்று மாதத்துக்குள் எடுத்தது என்றால், மறுபடி ஏன் வேண்டும் என்று மரியாதையாகக் கேட்கலாம்.

6. நிபுணரும் டில்ட் டேபிளும்

எல்லாம் நார்மல், ஆனால் நின்றால் எண் ஏறுகிறது என்ற இடத்துக்கு வந்தாகிவிட்டது. இப்போது இதய மின்னியல் பார்க்கும் இதய நிபுணர், அல்லது தன்னியக்க நரம்பு மண்டலத்தில் (துடிப்பையும் பிபியையும் தானாகவே இயக்கும் நரம்புகள்) அனுபவம் உள்ள நரம்பியல் நிபுணர். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இருந்தால் பொது மருத்துவத்திலிருந்தே அங்கே எழுதித் தருவார்கள். வெளியே போவதென்றால் வேலூர் சிஎம்சியில் ஆன்லைனில் பதிவு செய்து தேதி வாங்கலாம், பொதுப் பிரிவு தனிப் பிரிவு என இரண்டு உண்டு, கட்டணம் வேறு. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் தன்னியக்க நரம்புக்கென்றே ஆய்வகம் இருக்கிறது. எங்கே போனாலும் முதல் டாக்டரிடம் ஒரு பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

டில்ட் டேபிள் டெஸ்ட் என்பது மேசையில் பட்டை கட்டிப் படுக்க வைத்து, மேசையையே 60, 70 டிகிரி நிமிர்த்தி நாடியும் பிபியும் பார்ப்பது. நின்று பார்க்கும் சோதனையில் தெளிவாகத் தெரிந்துவிட்டால் இது எல்லோருக்கும் கட்டாயம் இல்லை. சில ஆயிரங்கள் ஆகும், எல்லா ஊரிலும் கிடையாது. ஆகவே "இதன் முடிவால் என் மருத்துவம் மாறுமா டாக்டர்?" என்று கேட்டுவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள்.

செய்வதென்றால் போன் செய்து மூன்று விஷயம் கேளுங்கள். எத்தனை மணி நேரம் வெறும் வயிறு? எந்த மாத்திரையை எத்தனை நாள் முன்பு நிறுத்துவது? (நாடியைக் குறைக்கும் மாத்திரை உள்ளே இருந்தால் முடிவு மறைந்துவிடும். ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள், சில மாத்திரைகளைச் சட்டென்று விடுவது ஆபத்து.) ரிப்போர்ட்டில் நிமிடவாரியாக நாடி வருமா? மூன்றாவது கேள்விதான் மிக முக்கியம். பல இடங்களில் இந்தச் சோதனையை மயக்கம் போட்டு விழுபவர்களுக்குத்தான் செய்து பழக்கம். நாடி 70-லிருந்து 120-க்குப் போயிருக்கும், மயக்கம் வராததால் 'நெகட்டிவ்' என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அந்த ஒரு வரியை வைத்து அடுத்த டாக்டர் உங்களை மறுபடி டென்ஷன் கணக்கில் சேர்த்துவிடுவார்.

சோதனைக்கு முன் சலைன் ஏற்றக் கூடாது, அதுவும் எண்ணை மறைக்கும். முடிந்ததும் களைப்பாக இருக்கும், வண்டி ஓட்டிக்கொண்டு திரும்ப நினைக்காதீர்கள்.

7. பணம்: எது கிடைக்கும், எது கிடைக்காது

இதில் பெரும்பாலானது ஓபி செலவு. சாதாரண மெடிக்கிளெய்ம் பாலிசி ஓபியைக் கொடுக்காது. "ஒரு நாள் அட்மிட் ஆகிடுங்க, எல்லா டெஸ்டையும் இன்சூரன்ஸ்ல போட்டுடலாம்" என்று ஆசை காட்டுவார்கள். என்னிடமும் ஓரிடத்தில் சொன்னார்கள், கிளெய்ம் நிராகரிக்கப்பட்டது. பரிசோதனைக்காக மட்டும் சேர்வதற்குப் பணம் இல்லை என்பது எல்லா மருத்துவக் காப்பீட்டிலும் இருக்கும் பொது விலக்கு. பாலிசித் தாளில் 'எக்ஸ்க்ளூஷன் 04' என்ற எண்ணில் பாருங்கள். புதிதாக பாலிசி எடுப்பவர்கள் படபடப்புக்கு டாக்டரைப் பார்த்ததை மறைக்காமல் எழுதுங்கள், இல்லையென்றால் பின்னால் வேறு எதற்கோ கேட்கும்போது இதைக் காட்டித் தட்டிக்கழிப்பார்கள்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை (குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்) பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்குத்தான். ஓபிக்கு அதைத் தேட வேண்டியதில்லை, அரசு மருத்துவமனை ஓபியே இலவசம்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் ஆகிறதா? அப்படியானால் இதைத் தவறவிடாதீர்கள். இஎஸ்ஐ டிஸ்பென்சரியில் தொடங்கி இஎஸ்ஐ மருத்துவமனை, அங்கிருந்து நிபுணர் என்று எழுதி வாங்கிக்கொண்டே போகலாம். மெதுவாகத்தான் நகரும், ஆனால் கைக்காசு போகாது. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு, இஎஸ்ஐ சந்தா பிடித்த நாட்கள் போதுமானதாக இருந்தால், ஆண்டுக்கு 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் உண்டு. இஎஸ்ஐ டாக்டரின் சான்றிதழ் வேண்டும், தனியார் டாக்டரின் சீட்டு மட்டும் போதாது.

8. பெயர் தெரிந்த பிறகு தினசரி வேலை

மாத்திரைக்கு முன்னால் இதுதான். சலிப்பாக இருக்கும், ஆனால் பலன் உண்டு.

தண்ணீர் ஒரு நாளைக்கு 2 முதல் 3 லிட்டர். காலையில் கட்டிலைவிட்டு இறங்கும் முன்பே அரை லிட்டரைக் குடித்துவிடுங்கள், சொம்பைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினால் போதும்.

உப்பைக் கூட்டச் சொல்வார்கள். வழக்கமாக எல்லோருக்கும் குறைக்கச் சொல்வதற்கு நேர் எதிர். எவ்வளவு என்பதை டாக்டர் சொல்லட்டும்: பிபி அதிகம் உள்ளவர்கள், சிறுநீரகக் கோளாறு, இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் தொடவே கூடாது. நம் சமையலில் இது சிரமமே இல்லை. உப்புப் போட்ட மோர், கஞ்சிக்கு ஊறுகாய், மோர் மிளகாய், கருவாடு, ரசம். ஒரே நிபந்தனை, குழம்பில் சேர்க்காதீர்கள், உங்கள் தட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் பிபி மாத்திரை சாப்பிடும் மாமியாரும் அதே குழம்பைத்தான் சாப்பிடுகிறார். ஓஆர்எஸ் வாங்கினால் உலக சுகாதார நிறுவன அளவு என்று போட்ட, 1 லிட்டரில் கலக்கும் 20.5 கிராம் பொட்டலம். ஓஆர்எஸ் என்று பேர் வைத்துக்கொண்டு அட்டை டப்பாவில் வந்த இனிப்புப் பானங்கள் அது இல்லை. 2025 அக்டோபரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ அந்தப் பேரைப் பயன்படுத்துவதையே தடுத்தது.

அழுத்தக் காலுறை: சர்ஜிக்கல் கடையில் 'வெரிகோஸ் ஸ்டாக்கிங்ஸ்' என்று கேளுங்கள். முழங்கால் வரை உள்ளது பாட்ஸுக்கு அதிகம் உதவாது, இடுப்பு வரை வருவது நல்லது. சென்னை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு திரிவது தண்டனை, ஒப்புக்கொள்கிறேன். பிரசவமானவர்கள் கட்டும் வயிற்று பெல்ட்டை நிற்கும் நேரத்தில் மட்டும் கட்டிக்கொள்வது பலருக்குத் தோதாக இருக்கிறது. காலுறையைக் காலை எழுந்ததும் போட்டு, படுக்கும் முன் கழற்றுங்கள்.

குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் முக்காலி, உட்கார்ந்தே குளியல், வெந்நீர் வேண்டாம். அடுப்படியில் ஒரு உயரமான ஸ்டூல். காய் நறுக்குவதைத் தரையில் உட்கார்ந்து அரிவாள்மனையில் செய்தால் இன்னும் நல்லது. சோறு ஒரே வேளையில் வயிறு முட்டச் சாப்பிட்டால் ரத்தமெல்லாம் வயிற்றுக்குப் போய்ப் படபடப்பு கூடும், கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். விரதம் இருப்பவர்கள் தண்ணீரையாவது விடாதீர்கள். மாதவிடாய் நாட்களில் கூடுதலாக இருக்கும், அந்த வாரத்தில் பெரிய வேலை வைத்துக்கொள்ள வேண்டாம். நின்றே ஆக வேண்டும் என்றால் காலைப் பின்னிக்கொண்டு தொடையை இறுக்குங்கள், கோயில் வரிசையிலும் பஸ்ஸிலும் யாருக்கும் தெரியாமல் செய்யலாம்.

உடற்பயிற்சி: 'வாக்கிங் போங்க' என்பது எல்லோரும் சொல்வது. தொடக்கத்தில் அது கூடாது. படுத்தபடி காலைத் தூக்குவது, தரையில் உட்கார்ந்து செய்வது, சாய்ந்து உட்கார்ந்து மிதிக்கும் சைக்கிள், நீச்சல், இப்படித்தான் தொடங்க வேண்டும். முதல் சில வாரங்கள் முன்பைவிட மோசமாகத் தோன்றும். பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும். நிமிர்ந்து செய்யும் பயிற்சியெல்லாம் அதன் பிறகுதான்.

ஒரு எச்சரிக்கை: கொரோனா போன்ற தொற்றுக்குப் பின் வந்தவர்களில் சிலருக்கு, கொஞ்சம் உழைத்தாலே அடுத்த இரண்டு நாள் எழ முடியாமல் போகும். அப்படி இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு பயிற்சி செய்யாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள்.

9. மாத்திரை பற்றிக் கேட்க வேண்டியவை

குறைந்த அளவு ப்ராப்ரனோலால், ஐவாப்ரடின், ஃப்ளூட்ரோகார்ட்டிசோன், மிடோட்ரின் ஆகியவை வழக்கமாக எழுதப்படுபவை. எது யாருக்கு என்பது டாக்டர் வேலை. நீங்கள் சொல்ல வேண்டியது: வீசிங், ஆஸ்துமா இருந்தால் ப்ராப்ரனோலால் எழுதும் முன்பே சொல்லுங்கள். கர்ப்பமாக இருந்தால், அல்லது கர்ப்பம் தரிக்கத் திட்டமிருந்தால் ஐவாப்ரடின் எழுதும் முன் சொல்லுங்கள். ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் எடுப்பவர்கள் பொட்டாசியத்தை அவ்வப்போது பார்க்க வேண்டும். மிடோட்ரின் போட்ட நாலு மணி நேரத்துக்குள் படுக்கக் கூடாது, படுத்தால் பிபி ஏறும்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதியதை மெடிக்கல் ஷாப்பில் காட்டி வாங்க வேண்டாம். மாத்திரை தொடங்கும் முன் ஒருமுறை, தொடங்கி ஒரு மாதத்தில் ஒருமுறை, அதே சுவர், அதே காலை நேரம், அதே 10 நிமிடச் சோதனை. மறுபடி பார்க்கப் போகும்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் அளவைக் கூட்டுவதா மாற்றுவதா என்று டாக்டர் உடனே சொல்லிவிடுவார்.

10. வேலைக்கும் கல்லூரிக்கும் கடிதம்

'இவருக்கு பாட்ஸ்' என்று மட்டும் எழுதிய சான்றிதழால் பயன் இல்லை, மேலாளருக்கு அது என்னவென்று தெரியாது. என்ன தேவை என்று எழுதச் சொல்லுங்கள்: தொடர்ந்து நிற்கும் வேலை கூடாது, நாற்காலி வேண்டும், தண்ணீர் பாட்டில் அருகில் இருக்க அனுமதி, மின்தூக்கி, ஆறு மாதத்துக்குச் செல்லும் என்ற தேதி. டாக்டரின் பதிவு எண்ணும் முத்திரையும் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள்.

துணிக்கடை, நகைக்கடையில் நிற்பவர்களுக்கு ஒரு செய்தி. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் செய்த திருத்தம், ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று கடைக்காரரைக் கட்டாயப்படுத்துகிறது. நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லா ஊழியருக்கும் அது பொருந்தும். கடிதத்தோடு இதையும் சொன்னால் சலுகை கேட்பதாக ஆகாது.

மாணவர்கள் தேர்வுக்குச் சில வாரம் முன்பே கடிதத்தைக் கொடுங்கள், தேர்வு அன்று காலை எந்தக் கண்காணிப்பாளரும் எதையும் மாற்ற மாட்டார். ஆய்வக வகுப்பில் ஸ்டூல், காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நிற்பதிலிருந்து விலக்கு, இவை இரண்டும் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். பல் பிடுங்கப் போனாலும் அறுவை சிகிச்சைக்குப் போனாலும் மயக்க மருந்து தருபவரிடம் இதே கடிதத்தின் நகலைக் கொடுத்துவிடுங்கள்.